பிரித்தானிய மறைவேடக் காவலர்களின் காதல் உறவு விவகாரம்

பிரித்தானியாவின் இலண்டன் மாநகரக் காவல்துறையைச் சேர்ந்த மறைவேடக் காவலர்கள் சிலர், தாங்கள் உளவு பார்க்க அனுப்பப்பட்ட இயக்கங்களில் இருந்த பெண்களைக் காதலித்து, ஆண்டுக்கணக்கில் அவர்களோடு வாழ்ந்தார்கள். தாங்கள் காவலர்கள் என்பதை அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. தச்சர், தோட்ட வேலைக்காரர், உயரத்தில் கயிறு கட்டி வேலை செய்பவர் என்று ஆளுக்கொரு தொழிலைச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன பெயரும் பொய். பலருக்கு வேறு வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தனர். இந்தச் செய்தி 2010ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவரத் தொடங்கி, வழக்குகளாகவும் அரசு விசாரணையாகவும் வளர்ந்தது. பிரித்தானிய ஊடகங்கள் இதனை ஸ்பைகாப்ஸ் விவகாரம் என்று அழைக்கின்றன.

கணவனோ காதலனோ தன் வேலையைப் பற்றிப் பொய் சொல்வது உலகில் புதிதல்ல. சம்பளத்தைக் கூட்டிச் சொல்பவர்கள் உண்டு, இல்லாத பதவியைச் சொல்பவர்கள் உண்டு. அத்தகைய பொய்யை ஒரு மனிதர் தனியாகச் சுமக்கிறார். அதனால் அது பெரும்பாலும் சீக்கிரம் கிழிந்துவிடும். இங்கே பொய்க்குப் பின்னால் ஓர் அரசு நிறுவனம் நின்றது. ஓட்டுநர் உரிமமும் வங்கி அட்டையும் வாடகை வீடும் வண்டியும் அந்தப் பொய்ப் பெயரிலேயே வந்தன. இந்த வேறுபாடுதான் இவ்விவகாரத்தைத் தனியாக நிறுத்துகிறது.

பின்னணி

1968ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று இலண்டன் குரோவ்னர் சதுக்கத்தில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் முன் வியட்நாம் போருக்கு எதிரான பெரும் ஆர்ப்பாட்டம் நடந்தது. அது கலவரமாக முடிந்தது. கூட்டம் எவ்வளவு வரும், என்ன செய்யும் என்பதைக் காவல்துறையால் முன்கூட்டி அறிய முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு ஆர்ப்பாட்டம் அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்பாக, ஸ்பெஷல் பிராஞ்ச் எனப்படும் அரசியல் உளவுப் பிரிவின் தலைமை ஆய்வாளர் கான்ராட் டிக்சன் ஒரு திட்டத்தை முன்வைத்தார். காவலர்கள் முடியும் தாடியும் வளர்த்து, பொய்ப் பெயரில் இயக்கங்களுக்குள் உறுப்பினராகச் சேர்ந்து, உள்ளிருந்தே தகவல் தர வேண்டும் என்பதே அது. இப்படிப் பிறந்த பிரிவு பிற்காலத்தில் ஸ்பெஷல் டெமான்ஸ்ட்ரேஷன் ஸ்குவாட் என்ற பெயரைப் பெற்றது. சுருக்கமாக எஸ்.டி.எஸ். என்பர். நீண்ட முடியின் காரணமாகச் சக காவலர்கள் இவர்களை 'முடிக்காரர்கள்' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரால் அழைத்தனர்.

ஓர் ஆர்ப்பாட்டத்திற்காகத் தொடங்கப்பட்ட இப்பிரிவு 2008 வரை நாற்பது ஆண்டுகள் இயங்கியது. 1999இல் இதே போன்ற வேலைக்காக நேஷனல் பப்ளிக் ஆர்டர் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற மற்றொரு பிரிவும் உருவானது. இரண்டிலும் சேர்த்து 139 மறைவேடக் காவலர்கள் பணியாற்றியதாகவும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் கண்காணிக்கப்பட்டதாகவும் பின்னர் தெரியவந்தது. போர் எதிர்ப்பாளர்கள், இடதுசாரிக் கட்சிகள், நிறவெறி எதிர்ப்பு இயக்கங்கள், விலங்குரிமை அமைப்புகள், சூழலியல் குழுக்கள், தொழிற்சங்கத்தினர் எனப் பட்டியல் நீளும். பெரும்பாலோர் சட்டத்துக்கு உட்பட்டே செயல்பட்டவர்கள்.

ஒரு காவலர் சாதாரணமாக நான்கு, ஐந்து ஆண்டுகள் களத்தில் இருப்பார். திருமணமானவர்களையே அதிகாரிகள் விரும்பித் தேர்ந்தெடுத்தனர். வீடும் குடும்பமும் இருந்தால் பழைய வாழ்க்கைக்குத் திரும்பி வருவார் என்பது கணக்கு. அந்த மனைவியரும் இதில் ஏமாற்றப்பட்டவர்களே. கணவன் ஏதோ இரகசியப் பணியில் இருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பணியில் இன்னொரு வீடும் இன்னொரு பெண்ணும் உண்டு என்பது தெரியாது.

பொய் கட்டப்பட்ட விதம்

முதலில் பெயர். 1990களின் நடுப்பகுதி வரை எஸ்.டி.எஸ். காவலர்கள் இறந்துபோன குழந்தைகளின் பெயர்களை எடுத்துக்கொண்டனர். இலண்டனில் செயின்ட் கேத்தரின்ஸ் ஹவுஸ் என்ற கட்டடத்தில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை அக்காலத்தில் பொதுமக்கள் பார்க்க முடிந்தது. அங்கே போய், தன் வயதை ஒத்த ஆண்டில் பிறந்து சிறு வயதிலேயே இறந்த ஒரு குழந்தையைக் காவலர் தேடுவார். அந்தக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழின் அடிப்படையில் மற்ற ஆவணங்கள் தயாராகும். யாராவது சந்தேகப்பட்டுப் பிறப்புப் பதிவைத் தேடினால் அது இருக்கும். சிலர் அந்தக் குழந்தை வளர்ந்த ஊருக்கே போய்த் தெருவையும் பள்ளியையும் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டனர். குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. 2013இல் இது வெளியானபோது இலண்டன் காவல்துறை ஆணையர் மன்னிப்புக் கோரினார்.

அடுத்தது தொழில். எந்தத் தொழிலைச் சொல்வது என்பதிலும் ஒரு கணக்கு இருந்தது. அலுவலக வேலை என்று சொன்னால் அலுவலகத் தொலைபேசி எண் வேண்டும், சக ஊழியர்கள் வேண்டும். ஆகவே ஊர் ஊராகப் போகும் வேலை, கையில் ரொக்கமாகக் கூலி கிடைக்கும் வேலை, மேலாளர் என்று ஒருவர் இல்லாத வேலை ஆகியவை ஏற்றவையாக இருந்தன. தச்சு வேலை, தோட்ட வேலை, வண்டி ஓட்டுவது போன்றவை இதனால்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. "மூன்று நாள் வெளியூரில் வேலை" என்று சொல்லிவிட்டுக் காவலர் தன் உண்மையான வீட்டுக்குப் போய்வரலாம். பல காவலர்களிடம் சொந்தமாக ஒரு வேன் இருந்தது. இயக்கத்தில் வண்டி வைத்திருப்பவருக்கு எப்போதும் மதிப்பு உண்டு. கூட்டம் முடிந்து ஒவ்வொருவரையும் வீட்டில் இறக்கிவிட்டால், ஒரே இரவில் எல்லோருடைய முகவரியும் கிடைத்துவிடும்.

மூன்றாவது, சோகமான கடந்தகாலம். தந்தை சிறு வயதில் இறந்தார், தாய் இல்லை, உறவினரோடு பேச்சில்லை என்பன போன்ற கதைகள். குடும்பத்தைக் காட்ட முடியாததற்கு இது காரணமாயிற்று. அதோடு, கேட்பவர் மனத்தில் இரக்கத்தையும் உண்டாக்கியது. நம் ஊரில் ஒரு பையனைப் பற்றித் தெரிந்துகொள்ள அவன் தெருவில் விசாரிப்பார்கள், வேலை பார்க்கும் இடத்தில் விசாரிப்பார்கள். இந்தப் பெண்களும் தத்தம் வழியில் விசாரித்தவர்கள்தாம். விசாரிக்கக்கூடிய இடங்கள் எல்லாம் முன்கூட்டியே அடைக்கப்பட்டிருந்தன.

கடைசியாக, வெளியேறும் வழி. பணிக்காலம் முடியும்போது காவலர் மனம் உடைந்தவர் போல் நடந்துகொள்ளத் தொடங்குவார். உறங்கமாட்டார், அழுவார், தனியாக இருக்க வேண்டும் என்பார். பிறகு ஒரு கடிதத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். சில வாரங்களில் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வரும். அத்துடன் சரி. பின்னாளில் பல பெண்களும் தங்கள் கதைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்த மனமுறிவு நாடகம் வரிக்கு வரி ஒத்திருந்ததைக் கண்டனர். தன் வாழ்வில் மட்டும் நேர்ந்த துயரம் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தது, ஒரு பிரிவின் வழக்கமான நடைமுறை.

பாலியல் உறவு பற்றி மேலதிகாரிகளுக்குத் தெரியுமா என்பது நெடுநாள் விவாதம். 1990களில் இப்பிரிவுக்குள் பழக்கத்தில் இருந்த பயிற்சிக் கையேடு ஒன்று பின்னர் வெளியிடப்பட்டது. அதில் உறவு தவிர்க்க முடியாமற்போனால் அது குறுகிய காலத்திற்கானதாகவும், முக்கியமான தகவலாளர் அல்லாத ஒருவரோடும் இருக்கட்டும் என்ற பொருளில் அறிவுரை காணப்படுகிறது. கூடாது என்று அந்தக் கையேடு சொல்லவில்லை.

ஹெலன் ஸ்டீலின் தேடல்

இவ்விவகாரத்தில் மிக முன்னதாகவே உண்மையைத் தேடத் தொடங்கியவர் ஹெலன் ஸ்டீல். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கில் வழக்கறிஞர் இன்றி டேவ் மோரிசுடன் சேர்ந்து தாமே வாதாடிய பெண்மணி இவர்தாம். மெக்லைபல் எனப்படும் அந்த வழக்கு இங்கிலாந்தின் நீதிமன்ற வரலாற்றிலேயே மிக நீண்ட வழக்குகளில் ஒன்று.

ஸ்டீல் இருந்த இலண்டன் கிரீன்பீஸ் என்ற சிறு குழுவில் ஜான் பார்க்கர் என்பவர் 1987 முதல் இயங்கிவந்தார். இருவரும் நண்பர்களாகிப் பின் காதலர்களாகி ஒரே வீட்டில் வாழ்ந்தனர். எதிர்காலம் பற்றியும் குழந்தைகள் பற்றியும் பேசினர். 1992இல் பார்க்கர் மனம் தளர்ந்தவராகக் காணப்பட்டார். பின் காணாமற்போனார். தென்னாப்பிரிக்காவிலிருந்து கடிதங்கள் வந்தன.

அவர் தற்கொலை செய்துகொள்வாரோ என்ற அச்சத்தில்தான் ஸ்டீல் தேடத் தொடங்கினார். சந்தேகத்தால் அல்ல. அவர் சொன்ன பழைய முகவரிகளுக்குப் போனார். உறவினர்களைத் தேடினார். 1994இல் செயின்ட் கேத்தரின்ஸ் ஹவுஸுக்குப் போய், ஏதோ ஓர் உள்ளுணர்வால் இறப்புப் பதிவேட்டைத் திறந்தார். ஜான் பார்க்கர் என்ற சிறுவன் எட்டு வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்திருந்தான். பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் ஒத்திருந்தன. தான் காதலித்த மனிதனின் பெயர் தனக்குத் தெரியாது என்பதை அவர் அன்று அறிந்தார். ஆவணத்தைத் தேடி எடுக்கக் காவலர் போன அதே கட்டடத்தில், அதே பதிவேடுகளில் இந்தக் கண்டுபிடிப்பும் நிகழ்ந்தது.

பெயர் பொய் என்றால் ஆள் யார்? அதற்கு விடை கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. சிறு சிறு தடயங்களைக் கோத்து, ஜான் டைன்ஸ் என்ற ஒருவரின் திருமணச் சான்றிதழைக் கண்டெடுத்தார். இங்கிலாந்தில் 1837 முதல் நடைமுறையில் உள்ள குடிமைப் பதிவு முறையின்படி, திருமணப் பதிவில் மணமகனின் தொழிலும், பிறப்புப் பதிவில் தந்தையின் தொழிலும் எழுதப்படும். அந்தச் சான்றிதழில் தொழில் என்ற கட்டத்தில் காவலர் என்று இருந்தது. பொய்ப் பெயருக்கு எத்தனையோ ஆவணங்களை உண்டாக்கியவர்கள், உண்மைப் பெயரில் முன்பே எழுதப்பட்ட இந்த ஒரு சொல்லை அழிக்கவில்லை.

2016இல் டைன்ஸ் ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் காவல் பயிற்சி சார்ந்த பொறுப்பில் இருப்பதை அறிந்து ஸ்டீல் சிட்னிக்குச் சென்று அவரை நேருக்கு நேர் சந்தித்தார். டைன்ஸ் மன்னிப்புக் கேட்டார். மறைந்துபோய் இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அலிசனும் கடன் அட்டையும்

அலிசன் என்ற புனைபெயரால் அறியப்படுபவர் ஒரு பள்ளி ஆசிரியை. இலண்டனின் ஹேக்னி பகுதியில் மார்க் காசிடி என்பவரோடு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தார். காசிடி தன்னை பர்கன்ஹெட் ஊரைச் சேர்ந்த தச்சர் என்று சொல்லியிருந்தார். குடும்ப விழாக்களுக்கு வந்தார், ஒளிப்படங்களில் நின்றார், அலிசனின் உறவினர்கள் அவரை வீட்டு மருமகனாகவே கருதினர்.

ஒரு நாள் அவர் சட்டைப் பையில் எம். ஜென்னர் என்ற பெயரில் ஒரு கடன் அட்டை கிடைத்தது. கேட்டபோது, மதுக்கடையில் ஒருவனிடம் விலைக்கு வாங்கியதாகவும் பெட்ரோல் போடத்தான் பயன்படுத்தியதாகவும் சொன்னார். இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார். ஒரு சிறு குற்றத்தை ஒப்புக்கொள்வதன் மூலம் பெரிய உண்மையை மறைக்கும் உத்தி இது. கேட்டவருக்கு, அவன் ஏதோ தவறு செய்துவிட்டு வெட்கப்படுகிறான் என்றுதான் தோன்றும்.

அலிசன் குழந்தை பெற்றுக்கொள்ள விரும்பினார். காசிடி மறுத்தார். அதற்காக இருவரும் தம்பதியர் ஆலோசகரிடம் பலமுறை சென்றனர். அந்தக் காலம் முழுவதும் மார்க் ஜென்னர் என்ற காவலருக்கு மனைவியும் குழந்தைகளும் இருந்தனர். 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். தாயாகக்கூடிய வயதின் முக்கியமான ஆண்டுகள் போய்விட்டன என்பதை அலிசன் பின்னர் நாடாளுமன்றக் குழுவின் முன் 2013இல் அளித்த சாட்சியத்தில் எடுத்துரைத்தார். இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும் வழக்கறிஞருக்குக்கூட இது எந்த இனத்தில் வரும் என்று சொல்வது கடினம்.

கைப்பெட்டியில் இருந்த கடவுச்சீட்டு

விவகாரம் ஊர் அறிய வெடித்தது மார்க் ஸ்டோன் என்பவரால். நீண்ட முடி, பச்சை குத்திய கைகள், கையில் தாராளமான பணம் என்று நாட்டிங்காம் நகரச் சூழலியல் வட்டத்தில் 2003 முதல் பழகிவந்தவர். கயிறு கட்டி உயரத்தில் ஏறும் வேலை செய்வதாகச் சொன்னார். இயக்கத்தினருக்கும் அணுமின், அனல்மின் நிலையங்களின் மேல் ஏறத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

லிசா என்ற புனைபெயர் கொண்ட பெண் அவரோடு ஆறு ஆண்டுகள் உறவில் இருந்தார். 2010 கோடையில் இருவரும் இத்தாலியில் வேனில் சுற்றுலா சென்றிருந்தனர். வண்டியின் முன்பக்கச் சிறுபெட்டியைத் திறந்த லிசாவின் கையில் ஒரு கடவுச்சீட்டு அகப்பட்டது. படம் அவருடையது. பெயர் மார்க் கென்னடி. கைபேசியில், அவரை அப்பா என்று அழைக்கும் குழந்தைகளின் மின்னஞ்சலும் இருந்தது. கேட்டபோது, முன்பு போதைப்பொருள் கடத்தலில் இருந்ததாக ஒரு நீண்ட கதையைக் கண்ணீரோடு சொன்னார். மீண்டும் அதே உத்தி. லிசா அப்போதைக்கு நம்பினார், அல்லது நம்ப விரும்பினார். ஆனால் மனம் அமைதி கொள்ளவில்லை.

ஊர் திரும்பியபின் லிசாவும் நண்பர்களும் பொதுப் பதிவேடுகளைத் தேடினர். மார்க் ஸ்டோன் என்பவர் பிறந்ததற்கான பதிவே இல்லை. இக்காலத்தில் இறந்த குழந்தைகளின் பெயரை எடுக்கும் வழக்கம் கைவிடப்பட்டிருந்ததால் இந்த ஓட்டை விழுந்தது. கென்னடி என்ற பெயரில் தேடியபோது அவருடைய பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. தந்தையின் தொழில்: காவலர். 2010 அக்டோபரில் நாட்டிங்காமில் ஒரு வீட்டில் நண்பர்கள் அவரைச் சுற்றி அமர்ந்து கேட்டனர். அவர் ஒப்புக்கொண்டார்.

2011 ஜனவரியில் இதன் விளைவு நீதிமன்றத்தில் தெரிந்தது. ராட்கிளிஃப் ஆன் சோர் அனல்மின் நிலையத்தை முற்றுகையிடத் திட்டமிட்டதாக 2009இல் 114 பேர் கைது செய்யப்பட்டிருந்தனர். அதில் ஆறு பேர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. முன்பே தண்டிக்கப்பட்ட 20 பேரின் தீர்ப்பும் அதே ஆண்டு மேல்முறையீட்டில் இரத்தானது. கென்னடி இரகசியமாகச் செய்த ஒலிப்பதிவுகள் எதிர்த்தரப்புக்குத் தரப்படவில்லை என்பது காரணம். செய்தித்தாள்கள் இதை முதற்பக்கத்தில் எழுதின. மற்ற பெண்கள் அதைப் படித்தனர். "இதே போல ஒருவர் என் வாழ்விலும் இருந்தார், இப்படித்தான் காணாமற்போனார்" என்று ஒருவரையொருவர் தேடி வரத் தொடங்கினர்.

நாளிதழில் தந்தையின் முகம்

எல்லாவற்றிலும் கொடியது ஜாக்கி என்ற புனைபெயர் கொண்டவரின் அனுபவம். 1980களில் விலங்குரிமை இயக்கத்தில் இருந்த இவர் பாப் ராபின்சன் என்பவரைக் காதலித்தார். 1985இல் ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்தின்போது ராபின்சன் உடனிருந்தார். குழந்தைக்கு இரண்டு வயதாகும் காலத்தில், காவல்துறை தன்னைத் தேடுவதாகவும் ஸ்பெயினுக்குத் தப்பிப் போகவேண்டும் என்றும் சொல்லி மறைந்தார். காவல்துறை தேடுகிறது என்று காவலரே சொன்னார்.

பாப் லாம்பர்ட் என்பதே அவர் உண்மைப் பெயர். பின்னாளில் அவர் எஸ்.டி.எஸ். பிரிவிலேயே மேலதிகாரியாகி மற்ற மறைவேடக் காவலர்களை வழிநடத்தினார். 2008இல் அரசின் எம்.பி.ஈ. விருது பெற்றார். ஓய்வுக்குப் பின் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 2011இல் பழைய இயக்கத்தினர் ஒரு பொதுக்கூட்டத்தில் அவரை அடையாளம் கண்டு வெளிப்படுத்தினர்.

2012 ஜூன் மாதம், நாடாளுமன்றத்தில் லாம்பர்ட் பற்றி எழுந்த ஒரு குற்றச்சாட்டை அடுத்து நாளிதழ் ஒன்று அவருடைய பழைய படத்தை வெளியிட்டது. தோட்டத்தில் அமர்ந்து நாளிதழைப் புரட்டிய ஜாக்கி தன் மகனின் தந்தையை அதில் கண்டார். மகனுக்கு அப்போது இருபத்தாறு வயதுக்கு மேல். அவனிடம் இதை அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. 2014இல் காவல்துறை 4,25,000 பவுண்டு கொடுத்து இவ்வழக்கை முடித்துக்கொண்டது. பின்னர் மகனும் தனியாக வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற்றார்.

ஜிம் சட்டன் என்ற பெயரில் இயங்கிய ஜிம் பாய்லிங் வேறொரு வகை. அவரைத் தேடிக் கண்டடைந்த பெண்ணிடம் தான் காவலர் என்று ஒப்புக்கொண்டு, அவரையே மணந்து இரு குழந்தைகளுக்குத் தந்தையும் ஆனார். அந்த மணமும் முறிந்தது. 2018இல் ஒழுங்கு நடவடிக்கையில் பாய்லிங் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

நீதிமன்றங்களில்

எட்டுப் பெண்கள் 2011 டிசம்பரில் காவல்துறை மீது வழக்குத் தொடுத்தனர். காவல்துறை எடுத்த முதல் நிலைப்பாடு, உறுதிப்படுத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்பதாகும். அதாவது, உங்களோடு வாழ்ந்தவர் காவலரா இல்லையா என்று நாங்கள் சொல்லமாட்டோம். உளவாளிகளைப் பாதுகாக்க உருவான இந்த வாய்ப்பாடு, ஏமாற்றப்பட்டவரிடம் பொய்யைத் தொடர்ந்து நீட்டிப்பதாகவே அமைந்தது. 2011இல் ஒரு மூத்த காவல் அதிகாரி இத்தகைய உறவு எந்தச் சூழலிலும் ஏற்கத்தக்கதல்ல என்றார். 2012இல் காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சர், முற்றிலும் தடை விதித்தால் மறைவேடக் காவலரைக் கண்டுபிடிக்க அதுவே சோதனையாகிவிடும் என்றார். 2013 ஜனவரியில் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், சில கோரிக்கைகள் இரகசியமாக இயங்கும் புலனாய்வு அதிகாரத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பளிக்கையில், உளவாளிகள் உறவு கொள்வதைச் சட்டம் இயற்றியவர்கள் எண்ணியிருப்பார்கள் என்பதற்கு ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். ஐந்தாண்டு சமைத்துப் போட்டு, வாடகையைப் பங்கிட்டு வாழ்ந்த பெண்களுக்கு அது எப்படி ஒலித்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2015 நவம்பர் 20 அன்று காவல்துறை ஏழு பெண்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. அந்த உறவுகள் வஞ்சகமானவை, தவறானவை, மனித உரிமை மீறல், காவல் அதிகாரத்தின் துர்ப்பயன்பாடு என்று உதவி ஆணையர் மார்ட்டின் ஹூவிட் ஒப்புக்கொண்டார். பெண்களின் மேல் எந்தக் குறையும் இல்லை என்றும் கூறினார்.

கென்னடியால் ஏமாற்றப்பட்ட கேட் வில்சன் இந்த மன்னிப்போடு நிற்கவில்லை. தீர்ப்பாயத்தில் பத்தாண்டுக்காலம் போராடினார். 2021 செப்டம்பர் 30 அன்று வந்த தீர்ப்பு, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் ஐந்து பிரிவுகள் மீறப்பட்டதாகக் கூறியது. மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தைக்கு எதிரான 3ஆம் பிரிவும் பாகுபாட்டுக்கு எதிரான 14ஆம் பிரிவும் அவற்றுள் அடங்கும். கென்னடி ஒருவரின் தனிப்பட்ட ஒழுக்கக்கேடு என்ற வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. மேலதிகாரிகள் அறிந்திருந்தனர், அல்லது அறிய வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டனர் என்பதே அதன் முடிவின் சாரம். 2022 ஜனவரியில் ஏறத்தாழ 2,29,000 பவுண்டு வழங்க உத்தரவிடப்பட்டது.

குற்றவியல் சட்டத்தின் வழி மட்டும் மூடியே இருந்தது. பாய்லிங் மீது வல்லுறவுக் குற்றம் சாட்ட அரசு வழக்குரைஞர் மறுத்ததை எதிர்த்து மோனிகா என்ற புனைபெயருடைய பெண் தொடுத்த வழக்கு 2018 டிசம்பரில் தள்ளுபடியானது. ஒருவர் தன் பெயர், தொழில், நோக்கம் பற்றிச் சொல்லும் பொய், பாலியல் செயலின் தன்மையோடு போதிய நெருக்கம் உடையதல்ல என்பதால் அது சம்மதத்தை இல்லாததாக்கிவிடாது என்று நீதிமன்றம் கருதியது. காவலருக்கு மட்டுமன்றி எல்லாருக்கும் பொருந்தும் விதி இது. மணமானதை மறைத்தவரும் வேலையைப் பற்றிப் பொய் சொன்னவரும் குற்றவாளி ஆகிவிடுவார்களே என்ற தயக்கம் இதன் பின்னால் உண்டு. ஆனால் பொய் சொல்ல அரசே சம்பளம் கொடுக்கும்போது அதே அளவுகோல் போதுமா என்ற கேள்வி அந்தத் தீர்ப்போடு தீரவில்லை.

விசாரணை ஆணையம்

1993இல் இனவெறியரால் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸ் என்ற இளைஞரின் குடும்பம் நீதி கேட்டு நடத்திய இயக்கத்தையும் எஸ்.டி.எஸ். கண்காணித்தது தெரியவந்ததும், 2014 மார்ச்சில் உள்துறைச் செயலர் தெரேசா மே பொது விசாரணையை அறிவித்தார். முதலில் நீதிபதி பிட்ச்ஃபோர்டும், அவர் நோயுற்று விலகியபின் 2017 முதல் ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் மிட்டிங்கும் தலைமை ஏற்றனர். சாட்சியங்கள் 2020 நவம்பரில்தான் தொடங்கின. காவலர்களின் முன்னாள் மனைவியர் சிலரும் இதில் பாதிக்கப்பட்ட தரப்பாக இடம்பெற்றுள்ளனர்.

2023 ஜூனில் வெளியான இடைக்கால அறிக்கை 1968 முதல் 1982 வரையான காலத்தை ஆராய்கிறது. இப்பிரிவு செய்த வேலையின் பயன் அதன் வழிமுறைகளை நியாயப்படுத்தவில்லை என்றும், இது நடப்பது மக்களுக்குத் தெரிந்திருந்தால் தொடக்கத்திலேயே மூடப்பட்டிருக்கும் என்றும் மிட்டிங் எழுதினார். அலிசன், பெலிண்டா, ஹெலன் ஸ்டீல், லிசா, நவோமி ஆகிய ஐவர் சேர்ந்து தங்கள் அனுபவங்களை 'டீப் டிசெப்ஷன்' என்ற நூலாக 2022இல் வெளியிட்டனர்.

தற்போதைய நிலை

2014 முதல், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நீளும் மறைவேடப் பணிக்கு உயர் காவல் அதிகாரியின் அனுமதியோடு வெளியிலிருந்து ஓர் ஆணையரின் முன் ஒப்புதலும் வேண்டும். காவல் பயிற்சிக் கல்லூரியின் வழிகாட்டுதல், மறைவேடக் காவலர் பணியின் பொருட்டுப் பாலியல் உறவு கொள்வது அனுமதிக்கப்படாது என்கிறது. இது வழிகாட்டுதல்தான், நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. உளவாளிகள் பணியின்போது குற்றம் புரிய அனுமதிப்பது பற்றிய சட்டம் 2021இல் நிறைவேறியபோது, கொலை, சித்திரவதை, பாலியல் குற்றம் ஆகியவற்றை அதிலிருந்து வெளிப்படையாக விலக்க வேண்டும் என்று பிரபுக்கள் அவை ஒரு திருத்தம் கொண்டுவந்தது. மக்களவை அத்திருத்தத்தை நிராகரித்தது. அப்படி ஒரு பட்டியல் இருந்தால் மறைவேடக் காவலரைச் சோதித்துக் கண்டுபிடிக்க அது வழியாகிவிடும் என்று அரசு காரணம் சொன்னது.